சிறுவாடு அல்ல, கூலி

“உனக்குத்தான் கைவேலை நல்லா வருதே. வீட்ல சும்மா இருக்கற நேரத்துல நாலு சோப்பு போட்டு வித்தா கைச்செலவுக்கு ஆச்சுல்ல.”

இந்த வாக்கியத்தைக் கேட்காத பெண் நம்மூரில் குறைவு. சோப்பு இருக்கும் இடத்தில் ஊறுகாய் இருக்கலாம், ஆரி வேலை இருக்கலாம், கேக் இருக்கலாம். மாமியார் சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், தொலைக்காட்சியில் மதிய நேரத்து நிகழ்ச்சியில் ஒருவர் வந்து சொல்வார். எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அந்த நல்லெண்ணத்தின் மீது எனக்குப் புகார் இல்லை. வாக்கியத்தின் மீது இருக்கிறது. பதினெட்டு வருடமாக வகுப்பில் இலக்கணம் நடத்திப் பிழைப்பவள் நான். ஒரு வாக்கியம் சந்தேகமாகப் பட்டால் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்ப்பது என் தொழில்.

முதலில் ‘சும்மா’. தாயுமானவருக்குச் சும்மா இருத்தல் என்பது ஞானத்தின் உச்சி. ஆண் சும்மா இருந்தால் ஞானி; பெண் சும்மா இருந்தால் சோம்பேறி. அதிலும் அவள் சும்மா இருக்கிறாள் என்பதே பொய். 2019இல் ஒன்றிய அரசின் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். அப்படி ஈடுபடும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான்; பெண்கள் 81 பேர். ஐந்து மணி நேரம் உழைத்து முடித்தவளைப் பார்த்து ‘சும்மா இருக்கிற நேரத்தில்’ என்று சொல்வதற்கு நமக்கு எப்படி வாய் வருகிறது?

அடுத்து, வாக்கியத்தில் சொல்லப்படாமல் நிற்கும் சொல்: பொழுதுபோக்கு. சோப்பு செய்வது அவளுடைய பொழுதுபோக்காம். போக்குவதற்கு அவள் கையில் பொழுது எங்கே இருக்கிறது? இரவு பத்து மணிக்கு மேல், பிள்ளைகள் தூங்கிய பிறகு, காஸ்டிக் சோடாவை நிறுத்துக்கொண்டிருக்கும் பெண் பொழுதைப் போக்கவில்லை. தூக்கத்திலிருந்து பொழுதைத் திருடிக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாவது ‘கைச்செலவு’. ஆணின் வருமானத்துக்குச் சம்பளம் என்று பெயர். அவளுடையதற்கு மட்டும் கைச்செலவு, சிறுவாடு, பூ வாங்கற காசு. வருமானத்தை வைக்கும் இடம் அஞ்சறைப் பெட்டி. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது இந்த நாட்டில் எத்தனை பெண்கள் கணவனிடம் போய் மறைத்து வைத்த பணத்தை ஒப்படைத்து, ‘இவ்வளவு நாள் என்னிடம் சொல்லவில்லையே’ என்ற கேள்விக்குக் குற்றவாளியைப் போலப் பதில் சொல்ல நேர்ந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. அவள் சம்பாதித்ததே அவளுக்கு எதிரான சாட்சியாயிற்று.

நானும் சோப்பு செய்கிறவள். விடுமுறை நாட்களில் செய்து, வீட்டுக்கு வைத்துக்கொள்கிறேன். அதனால் இதைத் தள்ளி நின்று எழுதவில்லை. விற்கவும் செய்கிற ஒரு பெண்ணின் கணக்கைச் சொல்கிறேன். என்னிடம் முதுகலை படித்தவள். ஆய்வியல் நிறைஞர் பட்டம் வரை வந்து, திருமணத்தோடு நின்றுவிட்டவள். இப்போது குப்பைமேனி, ஆவாரம்பூ, நலங்குமாவு என்று வகை வகையாகச் சோப்பு போடுகிறாள். வாட்சப்பில் விற்கிறாள். “லாபம் வருதா?” என்று கேட்டேன். “வருது மேடம், செலவு போகப் பாதி நிக்கும்” என்றாள். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

ஒரு கிலோ எண்ணெய்க்கு, காய்ந்து முடிந்த பிறகு, 100 கிராம் கட்டிகள் 13 தேறுகின்றன. எண்ணெய்க்கு 420 ரூபாய். காஸ்டிக் சோடா, மூலிகைப் பொடி, வாசனைத் தைலம் எல்லாம் சேர்த்து 150. உறைக்கும் லேபிளுக்கும் 120. ஆக 690. ஒரு கட்டி 100 ரூபாய் என்றால் 1300 வர வேண்டும். ஆனால் 13 கட்டியும் விற்பதில்லை. ஒன்று நாத்தனாருக்கு. ஒன்று கணவரின் மேலாளர் வீட்டுக்கு. ஒன்று ‘சாம்பிள்’ கேட்ட சித்திக்கு. விற்பது பத்து. வருவது 1000. நிற்பது 310.

“நேரம் எவ்வளவு ஆகுது?” என்று கேட்டேன். அதுவரை அவள் அந்தக் கேள்வியைத் தனக்கே கேட்டுக்கொண்டதில்லை. நிறுப்பது, கரைசல் ஆறும்வரை காத்திருப்பது, கலக்குவது, ஊற்றுவது, பாத்திரம் கழுவுவது, மறுநாள் வெட்டுவது, நான்கு முதல் ஆறு வாரம் காயும்வரை திருப்பித் திருப்பி வைப்பது, உறையிடுவது, கேள்விகளுக்குப் பதில் போடுவது, கூரியர் அலுவலகத்துக்கு நடப்பது. கறாராகக் கூட்டியும் ஏழு மணி நேரத்துக்குக் குறையவில்லை. 310ஐ ஏழால் வகுத்தால் மணிக்கு 44 ரூபாய். எட்டு மணி நேர நாளாகக் கணக்கிட்டால் சுமார் 350. 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் நாள் கூலி 336 ரூபாய். ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே மண்வெட்டி பிடிக்கும் பெண் செய்வதற்குச் சட்டத்தில் வேலை என்று பெயர். அவள் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. இவள் செய்வதற்குப் பெயர் பொழுதுபோக்கு.

லாபம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது லாபமே அல்ல. அது அவளுடைய கூலி. அதுவும் குறைந்த கூலி. லாபம் என்பது கூலி போக மிஞ்சுவது. எந்த ஆணும் தன் கடையில் தன் உழைப்பைச் சுழியம் என்று வைத்துக் கணக்கெழுதினால், ஊர் அவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்று சொல்லும். பெண் அப்படி எழுதினால் அவளுக்குச் சாதனைப் பெண் விருது கொடுக்கிறது.

இது இன்று தொடங்கியதில்லை. சங்கப் பாடல்களில் பருத்திப் பெண்டு வருகிறாள். புறநானூற்றில் ஓரிடத்தில் அவள் இரவில் எழுந்து பஞ்சின் தூசும் செத்தையும் புடைக்கிறாள். அவளுடைய சிறு விளக்கின் வெளிச்சத்தில்தான் பூனைக்கு அஞ்சிய கோழி அமைதி கொள்கிறது. நூற்று வாழ்ந்த அந்தப் பெண்ணுக்குப் பாடலில் பெயர் இல்லை. வேலை இரவில் நடந்தது என்பது மட்டும் பதிவாகியிருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் பெண்ணின் உற்பத்தி நேரம் இரவாகவே இருப்பது எனக்குப் பெருமையாகத் தெரியவில்லை.

அவள் ஈட்டியது யாருடையது என்ற கேள்விக்கும் பழைய பதில் ஒன்று உண்டு. பெண் தன் கைத்தொழிலால் ஈட்டிய பொருளில் கணவனுக்கே உரிமை, மீதியே ஸ்திரீதனம் என்று காத்யாயன ஸ்மிருதி வகுத்தது. பிறந்த வீட்டார் கொடுத்தது அவளுடையது. அவளே உழைத்துச் சேர்த்தது அவளுடையது அல்ல! 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 14ஆம் பிரிவில், ஒரு பெண் தன் திறமையாலும் உழைப்பாலும் அடைந்த சொத்து முழுமையாக அவளுக்கே உரியது என்று எழுதி இதை முடித்துவைத்தது. சட்டப் புத்தகத்தில் முடிந்தது. கணவனின் ஜிபே எண்ணை வாடிக்கையாளருக்கு அனுப்பும் ஒவ்வொரு வீட்டிலும் காத்யாயனர் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

ஜெர்மானியப் பெண்ணியலாளர் மரியா மீஸ், ஆந்திரத்தின் நர்சாப்பூரில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி ஆராய்ந்து எழுதிய நூல் 1982இல் வெளிவந்தது. அந்தப் பெண்கள் வீட்டு வேலைகளோடு சேர்த்து மணிக்கணக்காகப் பின்னினார்கள். அவர்கள் பின்னியது கடல் கடந்து போனது. வணிகர்கள் கொழுத்தார்கள். ஆனால் ஊரும் வணிகர்களும் அந்தப் பெண்களைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் குடும்பப் பெண்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள், அவ்வளவுதான். அப்படிச் சொன்னதால்தான் அவ்வளவு குறைவாகக் கொடுக்க முடிந்தது. உழைப்பவளைக் ‘குடும்பத் தலைவி’ ஆக்கியே கூலியைக் குறைக்கும் இந்த வித்தையை மீஸ் பெயர் வைத்துக் காட்டினார். இன்று பெயர் பொறிக்காத சோப்புக் கட்டிகளை வீடுகளிலிருந்து மொத்தமாக வாங்கி, தம் முத்திரையை ஒட்டி, மூன்று மடங்கு விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். லேஸின் இடத்தில் சோப்பு. பிறருக்காக வீட்டிலிருந்து வேலை செய்வோரும் மற்றத் தொழிலாளர்களுக்கு இணையாக நடத்தப்பட வேண்டும் என்று சொல்லும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இலேயே வந்துவிட்டது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

இனி லேபிளுக்கு வருகிறேன். ‘கெமிக்கல் இல்லாதது. பாட்டி காலத்து முறை.’

காரம் இல்லாமல் சோப்பு இல்லை. எண்ணெயும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்து சோப்பும் கிளிசரினும் ஆகின்றன. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக ஏறத்தாழ 183 கிராம் காரம் வேண்டும். அதே அளவு விளக்கெண்ணெய்க்கு 128 கிராம் போதும். காரம் கூடினால் தோல் எரியும். அதனால் கணக்கில் வருவதைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்துப் போடுகிறோம். கொஞ்சம் எண்ணெய் கட்டியில் மிச்சமிருக்கும். காரத்தைத் தண்ணீரில் போட வேண்டும்; தண்ணீரைக் காரத்தின் மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது; காரம் அதை அரித்து ஹைட்ரஜனை வெளியேற்றும். கையுறையும் கண்ணாடியும் வேண்டும். இவ்வளவும் வேதியியல். வீட்டில் சோப்பு செய்கிற ஒவ்வொரு பெண்ணும் இந்த வேதியியலைக் கிராம் பிசகாமல் செய்கிறாள். பிறகு ‘கெமிக்கல் இல்லை’ என்று லேபிளில் அச்சடித்துத் தன் அறிவைத் தானே அழித்துக்கொள்கிறாள். பெண்ணுக்கு அறிவு இருக்கக் கூடாது, கைராசி மட்டும் இருக்கலாம் என்று சொல்லும் சந்தைக்கு இது மிகவும் வசதி. பாட்டியின் பெயரால் பேத்தியின் படிப்பை மறைக்கிறார்கள்.

இன்னொரு சொல்லும் லேபிளில் இருக்கிறது: நிறம் கூட்டும். நாம் பெண்களுக்குத்தான் விற்கிறோம். கருப்பாகப் பிறந்ததற்காகப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் கூனிக் குறுகியவளிடம், அதே கூச்சத்தை நூறு ரூபாய் கட்டியாக்கி விற்பது என்ன விடுதலை? சோப்பு அழுக்கை எடுக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் பெரிய நிறுவனங்கள். அவர்களுடைய பொய்யைச் சின்ன அளவில் திருப்பிச் சொல்ல நாம் தொழில் தொடங்க வேண்டியதில்லை.

இப்போது, ஒரு நாள் பயிற்சி வகுப்புகளில் சொல்லாமல் விடும் விஷயத்துக்கு வருகிறேன். என் மாணவி போன பயிற்சியில் அச்சு, கலவை, பொதி, புகைப்படம் எடுக்கும் விதம் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். கட்டணம் வாங்கினார்கள். சான்றிதழ் கொடுத்தார்கள். உரிமம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில், அழகுசாதனப் பொருள் என்பதற்குள் சோப்பு அடங்காது என்றொரு விலக்கு முன்பு இருந்தது. 1982ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. இன்று 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி, உடம்புக்குப் போடும் சோப்பை விற்பனைக்காகத் தயாரிக்க மாநில உரிமம் வேண்டும். தயாரிப்பு, தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும். தயாரிக்கும் இடம் குடியிருப்பாகப் பயன்படக் கூடாது. குடியிருக்கும் பகுதியோடு இணைந்திருக்கவும் கூடாது. இதைவிட, தேமல் போக்கும், படை போக்கும் என்று எழுதினால் அது மருந்தாகிவிடும். அதற்கு வேறு உரிமம்.

இதைத் திரும்பவும் படியுங்கள். ‘வீட்டிலிருந்தே சம்பாதியுங்கள்’ என்று ஊர் முழுக்கப் பெண்ணிடம் சொல்கிறது. வீட்டில் செய்து விற்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பெண் தான் குற்றம் செய்கிறோம் என்றே தெரியாமல் குற்றவாளியாக இருக்கிறாள். நாளை ஒரு வாடிக்கையாளருக்குத் தோல் தடித்துப் புகார் போனால், பயிற்சி கொடுத்தவர் வரமாட்டார். முத்திரை ஒட்டி விற்றவர் வரமாட்டார். ‘சும்மா இருக்கற நேரத்துல’ என்று ஆரம்பித்து வைத்தவர்கள், “உன்னை யாரு இதெல்லாம் பண்ணச் சொன்னது?” என்பார்கள்.

பொதியில் அடைத்த பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகள் வேறு இருக்கின்றன. எடை, விலை, தயாரித்த மாதம் இவற்றோடு தயாரிப்பாளரின் பெயர், முகவரி, புகார் சொல்வதற்கான தொடர்பு எண் எல்லாம் உறைமேல் இருக்க வேண்டும். வாங்குபவரின் உரிமைக்கு இது தேவைதான். ஆனால் வீட்டு முகவரியையும் தன் கைபேசி எண்ணையும் அச்சடித்து நூறு பேருக்கு அனுப்புவது ஓர் ஆணுக்கு விளம்பரம். ஒரு பெண்ணுக்கு என்னவென்று, நடு இரவில் தெரியாத எண்ணிலிருந்து ‘ஹாய்’ வந்த எந்தப் பெண்ணையும் கேளுங்கள்.

விதிகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை நான். காரம் இருக்கும் இடத்தில் தவழும் குழந்தை இருக்கக் கூடாது. பிறர் உடம்பில் போடும் பொருளுக்குப் பொறுப்பு வேண்டும். விதி பாதுகாப்பைப் பற்றி நினைத்தது. ஒரு முழு ஆலையை வைத்துக்கொள்ள முடிந்தவனை மனத்தில் வைத்து நினைத்தது. தன் பெயரில் ஓர் அறைகூட இல்லாதவளைப் பற்றி நினைக்கவில்லை. வீட்டில் ஊறுகாய் போடுகிறவளுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் எளிய பதிவு என்றொரு முதல் படி வைக்க முடிந்தது. சோப்புக்கு அப்படியொரு படி இல்லை.

வழி இல்லாமலும் இல்லை. உரிமம் பெற்ற வேறொருவரின் கூடத்தைப் பயன்படுத்தித் தன் பெயரில் தயாரிப்பதற்கும் 2020 விதிகளில் இடம் இருக்கிறது. கடன் உரிமம் என்கிறார்கள். அப்படியானால், ஓர் ஒன்றியத்துக்கு ஒன்றாவது பொதுக் கூடம் கட்டு என்று அரசிடம் கேட்போம். நல்ல தராசு, காற்றுப் போக்கி, கண் கழுவும் குழாய், சோதனைக்கு ஒரு வேதியியல் பட்டதாரி. அந்தப் பட்டதாரியும் பெண்ணாக இருக்கட்டும். படித்துவிட்டு வீட்டில் இருப்பவர்களுக்கா பஞ்சம்? கூடத்தை மகளிர் கூட்டுறவு நடத்தட்டும். உறைமேல் கூட்டுறவின் முகவரி, கூட்டுறவின் எண். 1989இல் தர்மபுரியில் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கிவைத்த மாநிலம் இது. என் ஊர்ப் பக்கம் பூட்டியே கிடக்கும் மகளிர் குழுக் கட்டடங்களை எனக்குத் தெரியும். கடன் கொடுக்கவும் தவணை வாங்கவும் பெண்களைக் கூட்ட முடிந்தவர்களுக்கு, உற்பத்தி செய்யக் கூட்ட முடியாதா?

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். “வெளியே விடாத வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு இதுவாவது கிடைக்கிறதே, இதையும் கெடுக்கிறீர்களே மேடம்.” அந்தப் பெண்ணின் கையில் வரும் 310 ரூபாயின் மதிப்பு எனக்குத் தெரியும். மகளுக்குப் பேருந்துக் கட்டணம் அது. யாரையும் கேட்காமல் வாங்கும் மாதவிடாய்ப் பஞ்சு அது. அவளைச் சோப்பு செய்யாதே என்று நான் சொல்லவில்லை. வெளியே விடாத வீட்டை ஒன்றும் கேட்காமல், உள்ளேயே இருந்து சம்பாதி என்று அவளுக்கு மட்டும் புத்தி சொல்கிறோமே, அதைச் சொல்கிறேன். வீட்டிலிருந்து தொழில் செய்வது அவள் தேர்வாக இருந்தால் வாழ்க. கதவு சாத்தியிருப்பதால் அப்படி என்றால், சாத்திய கதவுக்குச் சாதனை என்று பெயர் வைக்காதீர்கள். அந்த வீட்டில் மாத வருமானம் கூடியிருக்கிறது. சாம்பார் வைப்பவர் மாறவில்லை. 299 நிமிடம் குறையவில்லை. அதன்மேல் ஏழு மணி நேரம் ஏறியிருக்கிறது.

தொழிலாக்க நினைக்கும் தோழிகளிடம் சில வார்த்தைகள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில், பணம் வரும் எண் உங்கள் எண்ணாக இருக்கட்டும். உத்யம் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்பவரை நம்பாதீர்கள். பதிவு உங்கள் பெயரில் இருக்கட்டும், கணவர் பெயரில் வேண்டாம். உறவுக்காரர்களுக்கு முதல் கட்டி முழு விலைக்கு. பாசம் இருந்தால் இரண்டாவதும் வாங்குவார்கள். சோப்பு ஊற்றும் நாளில் சமையல் உங்களுடையது இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காரக் கரைசலை வைத்துக்கொண்டு குழம்புக்குத் தாளிக்க முடியாது என்பது பெண்ணியம்கூட இல்லை, பாதுகாப்பு விதி. உறைமேல் என்னென்ன சேர்த்தீர்கள் என்று காரம் உட்பட எழுதுங்கள். உங்கள் படிப்பு அதில் தெரியட்டும். உரிமம் பற்றி உங்கள் மாவட்டத்தில் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். ஐந்து பேராகப் போங்கள். ஐந்து பேர் கேட்டால் விண்ணப்பம். ஐம்பது பேர் கேட்டால் கோரிக்கை.

கணக்கு நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் வரியில் எண்ணெய் விலையை எழுதாதீர்கள். உங்கள் மணி நேரத்தை எழுதி, அதற்கு நேராக, இன்னொரு பெண்ணை வேலைக்கு வைத்தால் மனசாட்சியோடு என்ன கொடுப்பீர்களோ அந்தக் கூலியை எழுதுங்கள். அதன் கீழே எண்ணெய், காரம், உறை. எல்லாம் கழித்தும் ஏதாவது மிஞ்சினால் நீங்கள் தொழில் செய்கிறீர்கள். மிஞ்சாவிட்டால் விலையை ஏற்றுங்கள். விலையை ஏற்றினால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று பயமாக இருந்தால், இத்தனை நாள் அந்த வித்தியாசத்தை யார் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று முதல் வரியைப் பாருங்கள்.